பந்தயக் கரையில் ஆணிப் பலகை

புயல் வந்து தனுஷ்கோடி போவதற்குச் சில வருஷம் முந்தி, மண்டபத்து வடகடலில் பட்டாளத்துக்காரர்கள் பாய்ப்படகுப் பந்தயம் நடத்தினார்கள். தரைப்படை, கப்பல்படை, விமானப்படை என்று மூன்று படைக்கும் போட்டி. நாங்கள் பாய் விரிப்பது மீனுக்கு. அவர்கள் மிதவையைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காகப் பாய் விரித்தார்கள். ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பந்தயத்துக் கரைவேலை பாதி எங்கள் வீட்டில்தான் நடந்தது.

ஏற்பாடு செய்ய வந்தவர் ஒரு கப்பல்படை அதிகாரி. நாகர்கோவில் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். வடகடலில் எங்கே பாறைப் பார் கிடக்கிறது, எங்கே சேறு என்று அறிய எங்கள் வீட்டுக்காரரைத் தேடி வந்தார். இரண்டு பேரும் வத்தையில் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வத்தை என்பது எங்கள் சின்னப் படகு, ஓர் ஆள் தனியாகவே ஓட்டலாம். மிதவை போடுகிற வேலையையும், கவிழ்கிற படகைத் தூக்கிவிட ஊர் வள்ளங்களைக் காவலுக்கு நிறுத்துகிற வேலையையும் எங்கள் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார்.

மிதவையும் எங்கள் வலை மிதவை போலத்தான், கொஞ்சம் பெரிது. லேசான முருக்கங்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மூங்கில் நட்டு, அடியில் கயிறு விட்டுக் கல் கட்டுவது. மூங்கில் நுனியில் நாங்கள் கருப்புத் துணி கட்டுவோம். அதிகாரி சிவப்புதான் வேண்டுமென்று துணி கொண்டுவந்து கொடுத்தார். ஓரம் அடித்துத் தைத்தது நான்.

எனக்கு எண் நன்றாகத் தெரியும், எழுத்தைக் கூட்டி வாசிப்பேன். ஏலக்கரையில் என்னை ஏமாற்றி ஒருத்தர் ஒரு கூடை எடுத்ததில்லை. இதையெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் போய் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அதிகாரி கரையில் ஓலைக் கொட்டகை போட்டு, ஆணி அடித்த பலகை ஒன்றை நிறுத்தி என்னை அதற்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு படகுக்கும் எண் எழுதிய சின்னக் கட்டை ஒன்று உண்டு. கடலுக்குப் போகிறபோது அதை ஆணியில் மாட்ட வேண்டும், திரும்பி வந்தால் கழற்ற வேண்டும். ஆணியில் கட்டை தொங்கினால் ஆள் கடலில் இருக்கிறான் என்று அர்த்தம். பலகை காலியானால்தான் அன்றைய பந்தயம் முடிந்த கணக்கு. யார் ஜெயித்தாலும் அதற்கு முன்னால் கொடி இறங்காது. நல்ல வழக்கம் என்றுதான் எனக்குப் பட்டது.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் கடைசி மிதவையை வத்தையில் ஏற்றினார். நீங்களும் ஒரு கட்டை மாட்டிவிட்டுப் போங்கள் என்று அதிகாரி சொன்னார். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் தொலைஞ்சு போறதுக்குக் கடல் என்ன சந்தையா? மத்தியானம் கஞ்சிக்கு வாரேன். அதுக்குள்ள இந்த ராணி பலகையை விட்டு எந்திரிச்சாப் போதும்."

நடுப்பகலுக்கு முன்னால் கிழக்கே இருட்டிக்கொண்டு கொண்டல் காற்று ஒன்று அடித்தது. அந்த மாதத்தில் அப்படிக் காற்று வராது. கொஞ்ச நேரம்தான், பிறகு வெயில் வந்துவிட்டது. சாயங்காலம் கொழுந்தனும் மற்றவர்களும் வள்ளத்தில் போய் வத்தையைக் கண்டுபிடித்தார்கள். கவிழ்ந்து கிடந்தது. ஆளும் இல்லை, மிதவையும் இல்லை.

நான் அழவில்லை. அழுகை வந்தது, நான் அடக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றும் வரவில்லை. உலையில் அரிசி போட்டேன், வடித்தேன், மாமியாருக்குப் போட்டேன். அவர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கடலில் ஒருத்தர் போய்விட்டால் காரியம் முடிகிறவரை யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். ஆனால் உடல் கிடைக்காதபோது, போய்விட்டார் என்று ஊர் சொல்லக்கூடாது. பெஞ்சாதி தாலியைக் கழற்ற வேண்டும், அதுதான் சொல். அதுவரை அவர் கடலுக்குப் போன ஆள்தான், கடலும் திறந்த கடல்தான். ஊர்ப் பெரியவர் காலையில் வாசலில் வந்து நின்று, "நீதான்த்தா சொல்லணும்" என்றார்.

அந்த நேரத்திலேயே அதிகாரியும் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தயத்தை நிறுத்திவிடுகிறேன் என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் கிடைக்க வேண்டும். நன்றாக நீந்துகிறவர். ஏதாவது ஒரு படகு ஏற்றிக்கொண்டு இலங்கைக் கரையில் இறக்கியிருக்கலாம். ஏதாவது ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். நான் தாலியைக் கழற்றினால் கடல் மூடிவிடும், தேட ஒரு வள்ளம் போகாது. பந்தயத்தை நிறுத்தினால் பாய்களும் லாரியில் ஏறிப் போய்விடும்.

"நிறுத்தாதீக. உங்க படகு அத்தனையும் போகட்டும். அத்தனை பேரு கண்ணும் கடல்மேலதான இருக்கும். போறப்ப வாறப்ப பாக்கச் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். பலகைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். வேண்டாம், நானே வருகிறேன் என்றேன்.

தலைக்குப் பூ வைத்துக்கொண்டு போனேன். எங்கள் வலையில் கிடந்த மிதப்புக்கட்டை ஒன்றை அறுத்து எடுத்துப்போய்க் கடைசி ஆணியில் மாட்டினேன். அதில் எண் இல்லை. அதிகாரி பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை.

பந்தயம் நடந்த நாளெல்லாம் அங்கேதான் இருந்தேன். வெடி போடுவார்கள், பாயெல்லாம் ஒரே பக்கமாகச் சாயும், சின்னதாகி மறையும். காவல் வள்ளங்களில் கொழுந்தனும் ஊர்க்காரர்களும் தேடிக்கொண்டே சுற்றினார்கள். திரும்பி வருகிற பையன்கள் கட்டையைக் கழற்றுமுன் என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டுவார்கள். மொழி தெரியாத பிள்ளைகள்தான், ஆனாலும் ஒருத்தன் விடாமல் எல்லாரும் ஆட்டினார்கள். நான் எண்ணைச் சரிபார்த்துக் கட்டையைப் பெட்டியில் போடுவேன். சாயங்காலம் கடைசிப் படகும் வந்த பிறகு அந்த எண்ணில்லாத கட்டை மட்டும் தொங்கும். அதை விட்டுவிட்டு அதிகாரி கொடியை இறக்குவார்.

கிணற்றடியில் பேச்சு வராமல் இருக்குமா? என் நாத்தனார் குடத்தை வைத்துக்கொண்டு எனக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

"எங்கண்ணன் கடல்ல கெடக்கான். இவ பூ வச்சுக்கிட்டுச் சிப்பாய்களுக்குக் கட்டை மாட்டுறா."

"உங்கண்ணன் மாட்டாமப் போன கட்டையைத்தான் மாட்டிட்டு உக்காந்திருக்கேன்" என்றேன். அவள் அழுதுகொண்டுதான் தண்ணீர் இறைத்தாள்.

கடைசி நாள் காற்று நன்றாக இருந்தது. விமானப்படைப் படகு ஒன்று முன்னால் வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு பேர். கோப்பை அவர்களுக்குத்தான் என்று கரையில் கத்திக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அந்தப் படகு பாயைத் திருப்பிக்கொண்டு மேற்கே போனது. கரையில் சத்தம் நின்றது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வேறொரு படகு ஜெயித்தது என்று வெடி போட்டார்கள். நான் கட்டைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். அவர்களுடையதும் என்னுடையதும் பாக்கி.

வெகுநேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். தலையை ஆட்டவில்லை. தூரத்தில் கருப்பாக ஏதோ தெரிந்து, ஆளாக இருக்குமென்று போயிருக்கிறார்கள். படகிலிருந்து அதைத் தூக்கிக் கொட்டகைக்கு முன்னால் மணலில் வைத்தார்கள். கடைசி மிதவை. மூங்கில் ஒடிந்திருந்தது. நான் ஓரம் அடித்த துணி நனைந்து கட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

எல்லாரும் துணியைப் பார்த்தார்கள். நான் குனிந்து கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். பாரில் உரசி அறுந்த கயிறு நார் நாராகப் பிரிந்திருக்கும். இது கத்தியால் அறுத்த கயிறு, நுனி நறுக்கென்று இருந்தது. கல் கீழே இழுக்கக்கூடாது என்று அவரே அறுத்திருக்கிறார். அறுத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையில் வலு இருக்கிறவரை அவர் இதை விட்டிருக்க மாட்டார்.

கொழுந்தன் நுனியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மதினி" என்றார்.

விமானப்படைப் பையன் தன் கட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். எண்ணைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பெட்டியில் போட்டேன். பிறகு எழுந்து கடைசி ஆணியில் இருந்ததை நானே கழற்றினேன். மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஊருக்குச் சொல்லிருங்க" என்றேன் கொழுந்தனிடம்.

அவர் கரையோரமாக நடந்து போய்க் காவல் வள்ளங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றச் சொன்னார். அதிகாரி காலியான பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடியை இறக்கச் சொல்ல வேண்டியவர், சொல்லவில்லை. கோப்பை ஒரு மேசைமேல் இருந்தது. அதன்மேல் யாரோ துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய்த் தலைப்பூவை எடுத்து வாசலில் வைத்தேன். மாமியார் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நாத்தனார் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் வந்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அவர்கள் கை பட்டது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

மறுநாள் கூடாரம் பிரித்தார்கள். மற்ற மிதவைகள் கடலில் நின்றன. எடுத்துவர எங்கள் ஊரில் ஆள் இறங்கக்கூடாது. லாஞ்சு அனுப்பி அவர்களே எடுத்திருக்கலாம், ஆனால் அதிகாரி காரியம் முடிகிறவரை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டு வாசலில் நின்றால் அவை தெரியும். படகு ஒன்றும் இல்லாத கடலில் சிவப்புத் துணி காற்றுக்குத் தகுந்தபடி திரும்பிக்கொண்டிருக்கும். எல்லாம் நான் தைத்தவை. ஒன்றுகூட ஓரம் பிரியவில்லை.