கேப்பைக் கூழில் ஊறிய யாழ்

ஆரோக்கியசெல்வியால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டென்றால், அது அச்சிட்ட பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடம். கல்யாணப் பத்திரிகையானாலும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசானாலும் நாலு விரல்கடை வெள்ளை தெரிந்தால் அவளுக்குக் கை ஊறும். ஒரு பூவையாவது வைத்து அடைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அந்தக் கை ஊறல்தான் பதினெட்டு வருஷம் கழித்து அவளைச் சந்தி சிரிக்க வைத்தது.

முகையூர்க்காரி. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு 1993இல் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்கு வந்து, கிருஷ்ணசாமியின் அச்சகத்தில் கம்போசிட்டராகச் சேர்ந்தாள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரி வரியாகக் கோர்க்கும் வேலை. ஆறே மாதத்தில் பெட்டியைப் பார்க்காமலே எழுத்தெடுக்கப் பழகிவிட்டாள். கையெழுத்துப் பிரதி எதிரில் இல்லாமல், மனசில் வருவதை நேரே ஈயத்தில் கோர்க்கவும் அவளால் முடியும். அந்த வித்தை அங்கே வேறு யாருக்கும் வராது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

1996இல் ஓர் அம்மன் கோயில் கும்பாபிஷேக மலர் வேலைக்கு வந்தது. எட்டுப் பக்கத்தை ஒன்றாக முடுக்கி மிஷினில் ஏற்றும் நேரத்தில், பதினேழாம் பக்கத்தில் இசைக்கருவிகள் பற்றிய கட்டுரை முடிந்து ஆறு வரி இடம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அந்த அளவுக்குப் பூ பிளாக்கும் இல்லை.

"செல்விம்மா, ஜல்தி! எதுனா போட்டு அடைம்மா. 'மரம் வளர்ப்போம்'னு போடாத, போன பக்கத்துலதான் போட்டோம்" என்று கிருஷ்ணசாமி மிஷின் பக்கத்திலிருந்து கத்தினார்.

சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிருந்தது. பசி காதை அடைத்தது. டிபன் தூக்கில் கேப்பைக் கூழும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலும் காத்திருந்தன. கட்டுரை யாழைப் பற்றிப் பேசி முடிந்திருந்ததால் அவள் கையும் அங்கிருந்தே தொடங்கியது. 'தெரியுமா உங்களுக்கு? யாழின் நரம்பை முறுக்குவதற்கு முன் மூன்று நாள் கேப்பைக் கூழில் ஊறவைப்பார்கள். அப்போதுதான் நாதம் கனியும். இது நம் வட்டாரப் பாணர்களின் தொன்றுதொட்ட வழக்கம்.' கச்சிதமாக ஆறு வரி. கிருஷ்ணசாமி படித்துக்கூடப் பார்க்கவில்லை. மிஷின் ஓடியது, அவள் போய்க் கூழைக் குடித்தாள், விஷயத்தை அத்தோடு மறந்தும்போனாள்.

அதன்பின் ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போனது. சவுரிராயன் என்கிற மினி பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு விழுப்புரம் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மிஷினுமாகக் கடை போட்டாள். குறையொன்றும் இல்லாத வாழ்க்கைதான். கணவன் அதிகம் பேசமாட்டான், பேசினால் சிரிக்க வைப்பான்.

2010இல் காந்திமதி என்றொரு கல்லூரி ஆசிரியை பழந்தமிழ் நரம்புக் கருவிகளைப் பற்றிய தன் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். முந்நூற்றுச் சொச்சம் பக்கம். வேறொருத்தியாக இருந்தால் எழுத்தை மட்டும் பார்த்து அடித்துத் தள்ளியிருப்பாள். செல்வி படித்துக்கொண்டே அடித்தாள். யாழ் வேறு, வீணை வேறு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். வீணையில் தண்டின் மேல் நரம்பை விரலால் அழுத்தி ஒரே நரம்பில் பல சுரம் பிறப்பிக்கலாம். யாழில் அது நடக்காது. வில் மாதிரி வளைந்த கொம்பு, அடியில் பத்தர் என்கிற குடம், ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு. பேரியாழுக்கு இருபத்தொன்று, செங்கோட்டியாழுக்கு ஏழு என்று பழைய உரைகள் கணக்குச் சொல்கின்றன. வாசித்தவர்கள் போய், கருவியும் போய், பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறதே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஆய்வேடு முடிந்த வாரம், இணையக் கலைக்களஞ்சியத்தில் யாழ் என்று தேடினாள். நாலே வரி. பக்கத்தில் படம் வேறு போட்டிருந்தார்கள், வீணைப் படம்! மிச்சமெல்லாம் வெள்ளை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அங்கேயே எழுதியிருந்தது. கை ஊறாமல் இருக்குமா?

முதலில் வீணையைத் தூக்கினாள். அப்புறம் ஒவ்வொரு யாழுக்கும் தனிப் பக்கம் திறந்தாள். ஆய்வேட்டின் கடைசியில் இருந்த நூல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்து, ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு போட்டாள். கடையில் ஆளில்லாத மத்தியானமெல்லாம் இதே வேலை. நாலு வருஷத்தில் நாலு வரி நாற்பது பக்கமானது. பழைய நரம்புக் கருவி என்றால் களஞ்சியத்தில் எல்லோரும் அவளைத்தான் கேட்பார்கள்.

அங்கே எழுத வருபவர்களை அவள் சும்மா விடமாட்டாள். எங்கள் கொள்ளுத்தாத்தா யாழ் வாசித்தார் என்று ஒருவர் சேர்த்தால், 'சான்று எங்கே? வாய்ச்சொல் சான்றாகாது' என்று எழுதிவிட்டு மறுநிமிஷம் நீக்கிவிடுவாள். சான்றம்மா என்று பட்டப்பெயரே விழுந்தது. ஊர்ப்புறத்துச் சேதிக்குப் பெரிய புத்தகம் கிடைக்காது, ஆகவே அச்சில் வந்த கோயில் மலர்களையும் சான்றாக ஏற்க வேண்டும் என்று பத்துப் பேரோடு வாதாடி ஜெயித்தவளும் இந்தச் சான்றம்மாதான்.

2014இல் அவளுடைய யாழ்க் கட்டுரையை முதற்பக்கத்தில் போடத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறது. களஞ்சியத்தைத் திறக்கிற அத்தனை பேர் கண்ணிலும் படும். செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை காலையில் கட்டுரையைத் திறந்தால் புதிதாக ஒரு வரி. நரம்பைக் கேப்பைக் கூழில் மூன்று நாள் ஊறவைக்கும் வழக்கம். கீழே அடிக்குறிப்பு: கும்பாபிஷேக மலர், 1996, பக்கம் 17. சேர்த்தவர் புகழேந்தி, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். செல்விக்கு அந்த ஆறு வரியின் ஈய வாடைகூட மூக்கில் ஏறியது. சட்டென்று வரியை நீக்கினாள். அரைமணியில் அது திரும்பி வந்து உட்கார்ந்தது.

'சான்றுடன் உள்ள செய்தியை நீக்குவது முறையல்ல. மறுக்கத் தங்களிடம் சான்று உண்டா?' என்று உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தார் புகழேந்தி. அவள் எல்லோரையும் கேட்கிற அதே கேள்வி!

மத்தியானம் சாப்பிட வந்த சவுரிராயனிடம் சொன்னாள். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வுட்டுத் தள்ளேன். கூழுதானே, விஷமா?" என்றான்.

"இன்னாங்க இப்டி சொல்றீங்க? ஊர்ல இருக்கறவன் எழுதனதெல்லாம் சான்று கேட்டு அழிச்சிக்கினு இருந்தேன். கடைசில பெரிய பொய்யே நான் கோத்ததா இருக்குது. இது முதப்பக்கத்துல வந்துச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இன்னொருத்தர கேப்பேன்?"

"அப்ப சொல்லிடு."

"சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா இன்னா, கட்டுரை கொறைஞ்சிடுமா?" என்று சொல்லிவிட்டு அவன் ரசத்துக்குப் போய்விட்டான்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒருவழியாகப் போட்டாள்: 'அந்த வரிகள் பொய். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது என்று 1996இல் நானே கோர்த்தவை. கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை முதற்பக்கத்தில் போட வேண்டாம்.' நாலு வருஷ ஆசையைத் தன் கையாலேயே தள்ளிவைத்தபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது உண்மை.

சிரித்தார்கள்தான். அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. புகழேந்தி ஒரே வரி பதில் போட்டார்: 'வாய்ச்சொல் சான்றாகாது.'

கட்டுரை முதற்பக்க வரிசையிலிருந்து இறங்கியது. கூழ் மட்டும் அதற்குள் அசையாமல் இருந்தது.

சனிக்கிழமை, களஞ்சியத்தில் அவள் பயனர் பக்கத்தில் இருந்த முகவரியைப் பார்த்து, புகழேந்தியே பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டார். நாற்பது வயசு, வியர்த்து வழிந்த முகம். ஒரு கையில் அட்டை கிழிந்த மலர். இன்னொரு கையில் துணி சுற்றிய என்னவோ. பிரித்து மேஜைமேல் வைத்தார். யாழ்! சுரைக்குடுக்கையில் பத்தர், வளைத்துக் கட்டிய மூங்கில் கொம்பு, ஏழு நரம்பு.

"எங்க பசங்க செஞ்சது மேடம். இதுல போட்டபடியே நூலை மூணு நாளு கூழ்ல ஊற வெச்சித்தான் முறுக்கனோம். பதினஞ்சு வருசமா ஒவ்வொரு செட்டுக்கும் இதைச் சொல்லிக்கினு இருக்கேன். நீங்க இன்னாடான்னா பொய்னு ஒத்த வார்த்தைல எழுதிட்டீங்க. கிராமத்துச் சேதின்னா உங்களுக்கு எளப்பமா?" மலரின் பதினேழாம் பக்கத்தைத் திறந்து அவள் முன் நீட்டினார்.

செல்வி மலரைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடி அந்த ஆறு வரியையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். எந்த வரி எந்தச் சொல்லில் மடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். புகழேந்தி புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார், விரல் ஆறாவது வரியில் நின்றது.

"ஏன் மேடம் கூழு?" என்று மெல்லக் கேட்டார்.

"அன்னிக்கி தூக்குல அதான் சார் இருந்துச்சி. செம பசி."

அவர் யாழைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். செல்விக்கும் அடக்க முடியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

சிரித்து ஓய்ந்து, "ஒண்ணு சொல்லட்டுமா? நூல் வெறைப்பாத்தான் இருக்குது, நல்லாவே கேக்குது" என்று ஒரு நரம்பைத் தெறித்துக் காட்டினார். கணீரென்றுதான் கேட்டது.

"இப்ப எனக்கே தெரியும், அது பொய்யின்னு. ஆனா அச்சுல இருக்குதே மேடம். இல்லைன்னு சொல்றது எங்கயும் அச்சுல இல்லியே. உங்க சட்டப்படி நான் எடுக்கவே முடியாது, சரியா?" என்றார்.

"சரிதான் சார்" என்றாள் செல்வி. அவளே போட்ட பூட்டு, சாவி அவளிடமும் இல்லை.

அந்த வருஷம் பள்ளி ஆண்டு மலர் வேலையைப் புகழேந்தி அவளிடமே கொடுத்தார். பக்கம் கட்டிக்கொண்டு வந்தபோது இருபத்திரண்டாம் பக்கத்தில், பிள்ளைகள் யாழ் செய்த கட்டுரைக்குக் கீழே, ஆறு வரி இடம் காலியாக நின்றது. அவள் போன் போட்டு, "சார், எடம் விழுதே, இன்னா போடட்டும்?" என்றாள்.

எதிர்முனையில் புகழேந்தி சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா மேடம்? நீங்களே அடைங்க" என்றார்.

இந்தமுறை கை ஓடவில்லை. ஒரு முழு மத்தியானம் பிடித்தது. '1996ஆம் ஆண்டு கும்பாபிஷேக மலரில், யாழ் நரம்பைக் கூழில் ஊறவைப்பது வழக்கம் என்று வந்த குறிப்பு உண்மையல்ல. பக்கத்தை நிரப்ப, அச்சுக் கோர்த்தவர் பசியில் கட்டிய கற்பனை.' அடியில் முதலில் ஒன்றும் போடவில்லை. பிறகு கர்சரைக் கொண்டுபோய், இரா. ஆரோக்கியசெல்வி, கம்போசிட்டர், என்று அடித்தாள்.

மலர் வெளிவந்த அன்றே புகழேந்தி கூழ் வரியை எடுத்துவிட்டு, அது தவறான குறிப்பு என்று ஒரு வாக்கியமும் பள்ளி மலரைக் காட்டும் அடிக்குறிப்பும் சேர்த்தார். மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழ் முதற்பக்கத்துக்கு வந்தது.

சவுரிராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் கடைசிவரை இறங்கினான். முப்பத்தேழாம் அடிக்குறிப்பில் நின்றான்.

"இன்னா செல்வி, உன் பேரு போட்டிருக்குது?"

இருபது வருஷத்துக்கு மேலாக மணமக்கள் பெயரும் செத்தவர்கள் பெயரும் தர்மகர்த்தாக்கள் பெயருமாக ஆயிரக்கணக்கில் அச்சேற்றியவள். அவள் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது பள்ளி மலரின் அந்த ஆறு வரிக்குக் கீழேதான், அதுவும் பொய் சொன்னவளாக. அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்து பள்ளி மலரை எடுத்து, இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சும்மா ஒண்ணும் போடல. சான்று இருக்குது, பாருங்க" என்றாள்.