தானாக நகரும் வண்டிக்கு ஒரு கல்

கியரை, வண்டியை நிறுத்திவைக்கும் ‘பி’யில் தள்ளுகிறார். கைப்பிரேக்கை இழுக்கிறார். எஞ்சினை அணைத்து, இறங்கி, சுவரோரம் கிடக்கும் கருங்கல்லை எடுத்து வந்து வலது பின்சக்கரத்துக்கு அடியில் செருகுகிறார். காலால் ஒரு தட்டு. நாலடி போய்த் திரும்பிப் பார்க்கிறார். வாசல் சமதளம், கோலிக்குண்டை வைத்தாலும் உருளாது. ஆனாலும் வண்டி வந்த நாளிலிருந்து கல் ஒரு வேளையும் தவறியதில்லை.

“பிரேக்குலேர்ந்து கால எடுத்தா அது பாட்டுக்கு நகருதுங்க,” என்பார் எதிர்வீட்டுக்காரரிடம். “ஆக்சிலேட்டரத் தொடவே வேணாம். தானா நகர்ற எதையும் நான் நம்புறதில்ல.”

அவர் எடை அளவு ஆய்வாளர். மற்றவர்களின் தராசை நம்பாமல் இருப்பதற்காக இருபத்தொன்பது வருடங்களாகச் சம்பளம் வாங்குகிறவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தட்டுகள் அவசரமாகத் துடைக்கப்படும். எடை குறைகிறதே என்று கேட்டால் எல்லாக் கடைக்காரர்களும் தராசைத்தான் காட்டிக்கொடுப்பார்கள். பழசு சார், ஈரம் சார், நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு சார். அவரிடம் அதற்கு ஒரே பதில்தான். “தராசு மேல பழி போடாதீங்க. முதல்ல உங்க கைய எடுங்க.”

வண்டி சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன எஸ்.யூ.வி. பெட்ரோல், ஆட்டோமேட்டிக். அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. மனைவிக்கு, வீட்டிலும் அவர் “டீச்சர்” என்றே கூப்பிடும் மனைவிக்கு, இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கு மாற்றலாகிவிட்டது. இரண்டு பஸ், நடுவில் அரைமணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமையிலிருந்து டீச்சரே ஓட்டிப் போவதாக ஏற்பாடு. ஐம்பத்திரண்டு வயதில் பயிற்சிக்குப் போய், ஆட்டோமேட்டிக் வண்டியிலேயே கற்று, லைசென்சையும் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தார். சாவிதான் கைக்கு வரவில்லை.

“ஒரு மாசம் நான் ஓட்டிப் பார்த்துடறேன். உள்ள என்னத்த வெச்சிருக்கானோ.”

“என்னத்த வெப்பான், எஞ்சின்தான்.”

சோதனை ஆரம்பமானது. லிட்டருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் என்று விற்றவன் சொல்லியிருந்தான். டாங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தார். ஊருக்குள் பன்னிரண்டைத் தாண்டவில்லை. சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்ததும் வியர்த்துவிட்டது. விற்ற இடத்தில் போனில் கேட்டதற்கு, அது பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறது சார் என்றார்கள். “பத்தொன்பது சொல்லிப் பன்னெண்டு குடுக்கிறான். இதுல மிச்சம் வேற,” என்று போனை வைத்தார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க விடவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது?

அவரை மிகவும் உறுத்தியது பக்கத்து இருக்கை. பழைய கோப்புக் கட்டை அதன்மேல் வைத்ததற்குப் பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது. “உள்ள தராசு இருக்கு டீச்சர். முத்திரை போடாத தராசு.” மறுநாள் ஒரு தண்ணீர்க் கேனை இருக்கையில் வைத்து லிட்டர் லிட்டராக ஊற்றிப் பார்த்தார். எட்டு லிட்டர் வரைக்கும் சத்தமில்லை. ஒன்பதாவதில் கத்தியது. “எட்டு கிலோ வரைக்கும் ஆள் இல்லைங்குது. ஒம்பதுக்கு ஆள்ங்குது. இது என்ன கணக்கு?”

“கைக்குழந்தைய மடியிலதானே வெச்சுப்பாங்க,” என்றார் டீச்சர், சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல்.

இப்படி ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு குறை வீதம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் கேட்டு முடித்துவிட்டு டீச்சர் ஒரு சொல்தான் சொல்வார். “திங்கட்கிழமை?”

“பார்க்கலாம்.”

பள்ளி திறப்பதற்கு நாலு நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை, இருவரும் கடைத்தெரு வழியாகப் போனார்கள். முன்னால் போன வேன் வேகம் குறைத்தது. இவரும் குறைத்தார். வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது. டீச்சரின் மூக்குக்கண்ணாடி எகிறிக் கால்மாட்டில் விழுந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் எப்படியோ காலை ஊன்றிச் சமாளித்து, ஜன்னலருகே வந்து, “தூக்கம் வந்தா ஓரமா நிறுத்தித் தூங்குங்க பெரியவரே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“பார்த்தியா? தானா நின்னுது. இதுலயா நீ தனியா போகப் போற?”

டீச்சர் குனிந்து கண்ணாடியைத் தேடி எடுத்தார். முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வண்டி தானாக நிற்கிறது என்று ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதி எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார். வயதான மெக்கானிக் ஒருவர் புகாரை முழுவதும் படித்தார். படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “ஓட்டுங்க சார், நான் பக்கத்துல உட்கார்றேன்,” என்றார். அங்கேயே பின்புறத் திடலில் ரெண்டு சுற்று வந்தார்கள். மெக்கானிக் எஞ்சினைக் கேட்கவில்லை, பாதையைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டிக்குள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க.”

வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். சார், முதல்ல உங்க இடது கால எடுங்க.”

ஆய்வாளர் கீழே பார்த்தார். அவருடைய இடது கால், இல்லாத கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. அதை யாரோ அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்து இருக்கைக்குக் கீழே மடக்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி குறை எதுவும் வரவில்லை. டீச்சரே ஆரம்பித்தார்.

“மெக்கானிக் என்ன சொன்னாரு?”

“வண்டியில ஒண்ணுமில்லையாம்.”

“இடது கால்தானே?”

அவர் கை தட்டிலேயே நின்றது. “உனக்கு யாரு சொன்னா?”

“கண்ணாடியத் தேடக் குனிஞ்சேன்ல. ரெண்டு காலும் பிரேக் மேல இருந்துச்சு.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“ஒரு மாசம் சோதனைன்னீங்க. நானும் சோதிச்சேன்.”

“முப்பது வருஷமா கிளட்ச் மிதிச்ச பழக்கம் டீச்சர்,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“அதான் சொல்றேன். என்னோட இடது காலுக்கு ஒரு எழவும் தெரியாது. மறக்கிறதுக்கும் அதுக்கிட்ட ஒண்ணுமில்ல.” டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “திங்கட்கிழமை?”

அவர் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை சாவி டீச்சரின் பள்ளிப் பையின்மேல் கிடந்தது. ஆய்வாளர் வாசலில் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நேற்றும் ஒழுகவில்லை, இன்றும் ஒழுகவில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

டீச்சர் உட்கார்ந்து, வண்டியின் கண்ணாடிகளைத் திருப்பி, பெல்ட் போட்டு, எஞ்சினைக் கிளப்பினார். இடது காலை ஓரமாக வைத்துக்கொண்டார்.

“கல்ல எடுங்க.”

எடுத்தார். எடுத்தவர் அதைச் சுவரோரம் கொண்டுபோய்ப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார்.

“அங்க போய் நிறுத்தினதும்…”

“‘பி’யில போடுவேன். கைப்பிரேக் போடுவேன்.”

“அது சரி. ‘பி’ன்னு கம்பெனிக்காரன்தானே எழுதியிருக்கான்.”

சுற்றிப் போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தார். கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட இருக்கையில் வைத்தார். கல் மூன்று கிலோகூடத் தேறாது. அந்த இருக்கை அதை ஆளாக எடுத்துக்கொள்ளாது, கத்தவும் கத்தாது. அவருக்கு அது தெரியும். பெல்ட்டை இழுத்துக் கல்லின் குறுக்கே போட்டு, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தினார்.