ரப்பர் பூதம்

இன்று வறுத்த வேர்க்கடலை வாசம் பட்டதும், பினாங்கில் இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் பழைய தியேட்டரின் வாசல் நினைவுக்கு வந்தது. எண்பதுகளில் ஒரு நாள் பகல் காட்சி முடிந்து, வேர்க்கடலை வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, படத்தில் கப்பலைக் கவிழ்த்த கடல்பூதத்தை எல்லாரும் கிழிகிழியென்று கிழித்தார்கள்.

“பூதத்தோட முதுகுல ஜிப்பு தெரியுதுலா, அண்ணே!”

“அது கடலா? பாத்ரூம் தண்ணிலா!”

அதிகம் சிரித்தவள் அம்மாதான். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல், அப்பா வேலை பார்த்த ஃபெரி படகு வரும் துறைக்கு என்னை நடத்திக் கூட்டிப்போனாள். அவர் இறங்கும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, இங்க வந்து நிக்கிறீங்க?” என்றார் அப்பா.

“சும்மாதான்,” என்ற அம்மா, எண்ணெய்க் கறை படிந்த அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்; வீடு வரைக்கும் விடவில்லை.