சிற்றாற்றுப் பூங்காவின் காவல்காரர்

சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். தென்காசியில் சிற்றாற்றங்கரைப் பூங்காவைத் திருத்தி அமைத்தார்கள். ஆற்றுப்பக்கச் சுவரில் ஓர் இரும்புக் கதவு வைத்து, தண்ணீர் வரை படிக்கட்டு இறக்க வேண்டும் என்று பூங்காக் கமிட்டியில் தொண்டை கட்டும்வரை வாதாடினேன். ஜனங்கள் இறங்க முடியாத ஆறு எதற்கு? வென்றும் விட்டேன்.

அந்தக் கதவுக்குப் போட்ட காவல்காரர் காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாதவர். கோடை முழுக்கக் கதவு திறந்தே கிடந்தது. ஆற்றில் மணல்தான் இருந்தது. குற்றாலத்தில் சாரல் பிடித்து, சிற்றாறு நுரைத்து வந்த அன்று ஓடினேன். பூட்டு தொங்கியது.

“அண்ணாச்சி, தொறங்க.”

“தண்ணி வந்துட்டுல்லா தம்பி? எவனாவது வழுக்கி விழுந்தா ஆரு பதில் சொல்லுதது?”

“தண்ணிக்குத்தானே கதவே வச்சோம்!”

“அதான் பூட்டியிருக்கேன்.”

அப்போதுதான் கவனித்தேன். அவர் தலையிலிருந்து ஈரம் சொட்டியது.

“நீங்க குளிச்சாச்சு போல?”

“சீசன்லா! குளிக்காம இருக்க முடியுமா?” என்று சுவரின் இடிந்த மூலையைக் காட்டினார். அங்கே ஊரே ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. “கதவு வழியாப் போனாத்தான் என் பொறுப்பு. அங்கன விழுந்தா அவனவன் பாடு.”

ஆத்திரத்தோடு சட்டையைக் கழற்றினேன். அதை வாங்கி மடித்துக்கொண்டு, நான் சுவரேறத் தோளும் கொடுத்தார்.

குளிக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் இடிந்த சுவர்மேல் ஏறி நின்று, நான் முங்கிய ஒவ்வொரு முறையும் தலை எழும்வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனவன் பாடு என்றவர் ஏன் பார்த்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.