ஓரத்தில் ஒட்டிய வெள்ளை

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும்தான் அவருக்கு உதவியது. மற்றபடி டிப்போவில் எல்லோருக்கும் அவர் 'பத்திரம்'. பஸ் ஓட்டுகிறவர். நின்றுகொண்டு வருகிறவர் கையில் விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த டம்ளர் இருந்தாலும் சிந்தாமல் இறக்கிவிடுவார் என்று கண்டக்டர்கள் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. மற்றவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள், இவர் பிரேக்கிடம் கேட்டுக்கொள்வார்.

காலில் இருந்த அந்த நிதானம் கையிலும் இருந்தது. டிப்போவுக்கு எதிரே, டயர்க் கடைக்கு மேலே, மேஜைமேல் பந்துகளைக் குச்சியால் அடித்துக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்று உண்டு. பகல் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, வாரியும் வாராத தலையோடு அங்கே ஏறிவிடுவார். குச்சியைப் பின்னால் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வேகம். இதுதான் அவருடைய மொத்த சாஸ்திரமும். நீளமாக இழுத்துவிட்டு, கடைசி நேரத்தில் பயந்துபோய்க் கையைப் பிடித்துக்கொள்கிறவனைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல் வரும். மெதுவாக அடிக்க வேண்டுமானால் கொஞ்சமாக இழுக்க வேண்டும், இழுத்த இடத்தில் ஒரு மூச்சு நிற்க வேண்டும், பிறகு குச்சியை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே கூடத்தில் பாதிப் பேரை விரட்டியிருக்கிறார்.

விரட்டியும் போகாதவன் ஒருவன் உண்டு. கீழே டயர்க் கடை வைத்திருந்தவன், இவர் மனைவியின் தம்பி. கூடத்தில் அவனை 'டயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இவருக்கு அவன் மச்சான், அவனுக்கு இவர் மாமா. இருவரும் பல வருடமாக இரட்டையர் ஆட்டக் கூட்டாளிகள். அந்த ஆட்டத்தில் வெள்ளைப் பந்தை மட்டும்தான் குச்சியால் அடித்து மற்றப் பந்துகளைத் தள்ள வேண்டும், பந்து விழ விழக் கூட்டாளிகள் ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டும். ஒருவன் அடித்து வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ, அங்கிருந்துதான் அடுத்தவன் அடித்தாக வேண்டும். பந்தைக் குழியில் தள்ளுவது பாதி வேலை. வெள்ளையைக் கூட்டாளிக்குத் தோதாக நிறுத்திக் கொடுப்பது மீதிப் பாதி. கல்யாணம் மாதிரிதான் என்று பத்திரம் சொல்லுவார். சொல்லும்போது அவருக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

டயர் குனிவதற்கு முன்னால், வெள்ளை எங்கே வந்து நிற்க வேண்டுமோ அந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வான். கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிற பயணி மாதிரி என்று இவர் கிண்டல் செய்வார். பார்த்த இடத்தில் நிறுத்தியும் விடுவான், அதையும் சொல்லியாக வேண்டும்.

பத்திரத்துக்கு ஒரே ஒரு ரகசியம் உண்டு. வலது மணிக்கட்டு. எப்போதோ இன்ஜின் மூடி விழுந்து நசுங்கி, ஆறிய பிறகு முழுதாக மடங்க மறுத்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு அது போதும். ஆனால் டிப்போ டாக்டர் காதுக்குப் போனால் ஓட்டுநர் வேலை போய்விடும், வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கச் சொல்லிவிடுவார்கள். மேஜையிலும் அது ஒரே ஓர் இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். வெள்ளை மேஜையின் ஓரச் சுவரில் ஒட்டிக்கொண்டால் பந்தின் உச்சந்தலை மட்டும்தான் கிடைக்கும். பின் கையைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, மேலிருந்து இறக்க வேண்டும். அவரால் முடியாது. அப்படி வந்தால் குழியைப் பார்க்காமல், ஓரத்தோடு பக்கவாட்டில் உருட்டி ஒதுக்கிவிட்டு வந்துவிடுவார். அதிக ஜாக்கிரதை என்று எல்லோரும் சிரிப்பார்கள், மச்சான் உட்பட. டிப்போவில் வந்த பெயர் கூடத்திலும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். மணிக்கட்டு விஷயம் தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். தினமும் சாயங்காலம் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கையில் சுற்றிவிடுகிறவள் அவள்.

அந்த வருடம் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் நகர அணியில் ஒரே ஓர் இடம் காலி. ஆள் எடுக்கிறவர் கூடத்துக்கே வந்து, அங்கே நடந்த இரட்டையர் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்து, இந்த இரண்டு பேரில் ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பத்திரம்தான் என்று கூடமே முடிவு கட்டிவிட்டது. அவரும் வெளியே தலையை ஆட்டி மறுத்தாரே தவிர, உள்ளுக்குள் பெட்டியே கட்டிவிட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை ஊருக்குக் கொண்டுபோய் விட்ட மனுஷன், ஒரு தடவை தானும் பயணியாகப் போக ஆசைப்பட்டார். அதில் என்ன தப்பு?

ஆட்டம் கடைசிவரை இழுத்தது. கறுப்பைக் கடைசியாக விழவைக்கிறவர்களுக்குத்தான் வெற்றி, எதிராளிகளுக்கு அது மட்டும்தான் பாக்கி. இவர்களுக்கு ஒரு சிவப்பும் பிறகு கறுப்பும். கறுப்பு மூலைக் குழியின் வாயிலேயே நின்றது. டயருடைய முறை. சிவப்பு இன்னொரு குழி வாசலில். லேசாகத் தொட்டாலே விழும், வெள்ளை நடு மேஜையில் நிற்கும், அங்கிருந்து பத்திரம் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவார்.

டயர் குனிவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தான். நடு மேஜையை அல்ல. எதிர் ஓரத்தை.

பிறகு குச்சியை நீளமாக இழுத்தான். நின்றான். பயந்து பிடிக்கவில்லை, தயங்கவில்லை, அழகாக விட்டான். சிவப்பு விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளை மேஜையின் முழு நீளமும் ஓடி, எதிர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

இப்போது பத்திரத்தின் முறை. ஒதுக்கிவிட்டு வர வழியில்லை, விட்டால் எதிராளி கறுப்பைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். பின் கையைத் தூக்கினார். மணிக்கட்டு பாதியில் நின்றுகொண்டது. மெதுவாக இறக்க முடியாதவனுக்கு வெடுக்கென்று குத்துவது ஒன்றுதான் வழி. குத்தினார். கறுப்பு விழுந்தது, தேவைக்கு மேல் வேகம் வாங்கிய வெள்ளை அதன் பின்னாலேயே ஓடிக் குழிக்குள் விழுந்தது. இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஆட்டம் போச்சு. நிதானத்துக்குப் பெயர்போன மனுஷன் வேகத்தால் தோற்றார். கை போயிடுச்சு, வயசாயிடுச்சு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது.

டயர் வந்து தோளில் கை போட்டான். "விடுங்க மாமா. யானைக்கும் அடி சறுக்கும்."

அன்று சாயங்காலமே ஆள் எடுக்கிறவர் டயரை எடுத்துக்கொண்டார்.

கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் பத்திரத்தை அரித்தது மச்சான் செய்தது மட்டும் இல்லை. அவனுக்கும் ஆசை இருந்திருக்கும், ஆசை வந்தால் ஆள் மாறுவான். திட்டித் தீர்த்துவிட்டு ஒரு நாள் மறந்தும் போகலாம். அரித்தது வேறு. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே உருட்டிக்கொண்டு வந்தார். ஓரம் என்றால் எனக்கு ஆகாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஜாக்கிரதை என்றுதானே அவனும் இத்தனை நாள் சிரித்தான்?

மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி முன்னாடியே போன் செய்துவிட்டானாம். இவர் நடந்ததைச் சொன்னார், வெள்ளை போய் ஒட்டிய இடம் வரைக்கும் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை. சட்டைக் கையை நீவி, இன்னொரு தடவை நீவினாள்.

"கைய பத்தி அவன்கிட்ட சொன்னியா?"

"கேட்டான்."

"அவன் கேட்டா சொல்லிடுவியா?"

"அக்கா, ஒரே ஒரு தடவை நான் போயிட்டு வரேன்னு கெஞ்சினான். உங்களுக்கு எது வராதுன்னு கேட்டான்." அவள் நிமிரவில்லை. "அவனுக்கு எதுதான் அமைஞ்சிருக்கு, சொல்லுங்க. உங்களுக்கு வேலை இருக்கு, பேர் இருக்கு. டிப்போவுல யாருக்கும் தெரியாது. தோத்தா ஒரு ஆட்டம்தானேன்னு நினைச்சேன்."

"அந்த எடத்த என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"நீங்க குடுத்திருக்க மாட்டீங்க."

குடுத்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், மூடிக்கொண்டார். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை உண்மையாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடட்டும், ஆனால் தினமும் அவள் கையால் சுற்றிக்கொண்ட துணிக்கு என்ன பதில்?

வெந்நீர்ச் சட்டி அடுப்பில் இருந்தது. எப்போதும் அந்த நேரத்துக்கு வைப்பதுதான். அவள் துணியைப் பிழிந்து கொண்டுவந்து, வழக்கம்போல் எதிரே உட்கார்ந்து, கையை நீட்டச் சொன்னாள். மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. அவர் இடது கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டார்.

"நானே சுத்திக்கறேன்."

ஒரு கையால் சுற்ற வரவில்லை. துணி அவிழ்ந்து அவிழ்ந்து மடியில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவர் கொடுக்கவில்லை.