சங்கவி சொல்லாமல் வைத்திருந்த பதில்

சங்கவிக்கு நாற்காலியில் நிலையாக உட்காரத் தெரியாது. கல்வராயன் மலையில் பிறந்தவள், கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆபீசில் வேலை செய்கிறாள். மலைக் கிராமங்களுக்கு ஓடும் ஆம்புலன்ஸ் ஜீப்புகள் எங்கே நிற்கின்றன என்று செல்போனில் காட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. புதுச் செய்தி முதலில் சின்னசேலத்தில், ஆளில்லாத அறையில் ஓடும் தலைமை சர்வரில் பதிவாகும். பிறகு எங்கள் ஆபீசில் உள்ள நகல் சர்வருக்கு வரும். எங்களுடையது சோம்பேறிக் கழுதை. ரோடு தோண்டி கேபிள் அறுந்தால் பழசையே புதுசுபோல் சொல்லும்.

அதற்குச் சங்கவி ஒரு கடிவாளம் போட்டிருந்தாள். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. போன்கள் சில நேரம் எங்களிடமும், சில நேரம் சின்னசேலத்திடமே நேராகவும் கேட்கும். ஒரு போன் கடைசியாகப் பார்த்த எண்ணைவிடப் பின்தங்கிய சர்வர், அந்தப் போனுக்குப் பதில் சொல்லக் கூடாது. திரையில் வட்டம்தான் சுற்றும்.

"சும்மா சுத்திக்கினே இருந்தா ஜனங்க திட்றாங்கம்மா. எதையாவது காட்டித் தொலையேன்!" என்று மேனேஜர் தனசேகரன் கத்துவார். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அவர் தலையிலேயே கீபோர்டை உடைக்கலாம்.

அன்று மத்தியானம் கேபிள் அறுந்து கிடந்தபோது சங்கவியின் அண்ணன் சின்னப்பையன் கூப்பிட்டான். அவன் மனைவி வெள்ளச்சிக்குப் பிரசவ வலி. மலையில் யாரும் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. கம்பில் போர்வையைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். அவனும் பாதை பிரியும் இடத்துக்கு வந்துவிட்டான்.

"காலைல காட்டுச்சும்மா, இப்ப ஒண்ணும் வரல. மேல்பாதையா, கீழ்ப்பாதையா? ரத்தம் போய்க்கினே இருக்குது!"

சங்கவி கடிவாளத்தைத் தாண்டி எங்கள் சர்வரையே நேராகத் திறந்தாள். மேல்பாதை முனையில் ஜீப் காலியாக நிற்கிறது என்றது. டிரைவர் போனை எடுக்கவில்லை.

"சொல்லிடேன்!" என்று தனசேகரன் துடித்தார். நானும்தான்.

"இது எப்பத்திய சேதின்னு தெரியல சார்." சின்னசேலத்தோடு சரிபார்த்த பிறகே பதில் சொல் என்று சர்வருக்குக் கட்டளை கொடுத்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போனில் அண்ணன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். பாவி, பெற்ற தாயைக்கூட விடவில்லை.

லைன் வந்தது. மேல்பாதை ஜீப் எப்போதோ வேறு நோயாளியோடு இறங்கிவிட்டிருந்தது. வேறொன்று கீழ்ப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

"கீழ்ப்பாதைண்ணே! ஓடு!"

குழந்தை ஜீப்பிலேயே பிறந்தது. தாயும் பிழைத்தாள். சாயங்காலம் சின்னப்பையன் மறுபடி கூப்பிட்டான்.

"அந்த நேரத்துல உன்னக் கொன்னுடலாம்னு இருந்துச்சு தங்கச்சி."

"எனக்கும் அப்படித்தாண்ணே இருந்துச்சு," என்றாள் சங்கவி. பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.