சினை விரால்

செங்கல் சூளை வேலையை உதறிவிட்டு, வெறும் வயிற்றோடு மூசி ஆற்றுப் படுகையில் நடந்துகொண்டிருந்தேன். மழை பொய்த்த வருஷம். சூளைக்காக நாங்கள் மண் வெட்டிய பள்ளங்களில் மட்டும் சேறு மிச்சமிருந்தது. அங்கே சிகந்தராபாத் மீன்காரி ஸ்டெல்லா அக்கா, "வெளியே வாடா ராஜா" என்று தமிழில் கொஞ்சியபடி சேற்றில் மீனைத் துழாவிக்கொண்டிருந்தார். நானும் இறங்கி ஒரு விராலைப் பிடித்தேன்.

"குழம்புக்குத்தானே அக்கா?"

"நக்கோ தம்பி, வேணாம்! எல்லாம் சினை மீன். இப்பவே தின்னுட்டா, அடுத்த வருஷம் உன் தலையையா விக்கிறது? தண்ணி இருக்கிற மடுவுல விடணும்."

பசியில், துடிக்கும் மீனை விட மனம் வரவில்லை. அக்கா தன் சோற்றுத் தூக்கை நீட்டினார். மீனை அவருடைய தண்ணீர்ப் பானையில் விட்டேன். ஒரு மீனுக்காகத் தன் சாப்பாட்டைக் கொடுத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, அவரிடமே பானை சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.